பம்பாயில் பாதாளச் சாக்கடை வந்த பிறகும் மலக்கூடை ஏன் போகவில்லை?

செல்வமணி (இழையைத் தொடங்கியவர்)

1864ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பம்பாய்த் தீவில் 8,16,562 பேர் வாழ்ந்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரால் இந்தியப் பருத்திக்குப் பொன்விலை கிடைத்த காலம் அது. நகரில் பணம் புரண்டது. 1860இலேயே விஹார் ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீரும் வந்துவிட்டது. ஆயினும் இத்தனை இலட்சம் பேரின் மலமும் விடியுமுன் கூடைகளில் அள்ளப்பட்டு, தலையிலும் இடுப்பிலும் சுமக்கப்பட்டே வெளியேறியது. அள்ளியவர்களை அரசு ஆவணங்கள் ஹலால்கோர் என்று குறிக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் குஜராத், கத்தியவார் பகுதிகளிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதியினர். ஆண்கள், பெண்கள் இருபாலாரும் இந்த வேலையைச் செய்தார்கள்.

நகரின் பராமரிப்புப் பணிகளுக்குப் பொறுப்பாயிருந்த பொறியாளர் ஹென்றி கானிபேர் 1852இல் நகரச் சுகாதாரம் பற்றி அறிக்கை எழுதினார். மருத்துவர் லீத் 1864இல் இன்னொன்று எழுதினார். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆர்தர் கிராஃபோர்டு நகராட்சி ஆணையரானார். அவர் காலத்தில் ஹியூலெட் என்ற மருத்துவர் சுகாதார அதிகாரியாக இருந்து ஆண்டுதோறும் பக்கம் பக்கமாக எழுதினார். நோய் துர்நாற்றத்திலிருந்து பிறக்கிறது என்று அக்காலத்தவர் நம்பியதால், கழிவை எவ்வளவு விரைவாக அகற்றுவது என்பதே இவர்கள் எல்லோருடைய கவலையும்.

எனக்குள்ள ஐயம் இதுதான். பாதாளச் சாக்கடை வந்ததும் கூடை ஒழிந்திருக்க வேண்டும் என்றுதான் நாம் இயல்பாக எண்ணுகிறோம். பம்பாயில் அப்படி நடக்கவில்லை. சாக்கடைக் குழாய்கள் பதிக்கப்பட்ட பிறகும், வீட்டிலிருந்து குழாய் வரையிலான வேலை மனிதக் கைகளிடமே விடப்பட்டது. ஹலால்கோர்கள் கூடையில் கொண்டுவந்ததைக் கொட்டிடங்களில் சாக்கடைக்குள் கவிழ்த்தார்கள். அதாவது சாக்கடை கூடைக்கு மாற்றாக வரவில்லை. கூடை தொடரும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அது கட்டப்பட்டது என்பது என் கருத்து. இதைப் பற்றிப் பொறியியல் தெரிந்தவர்களும் பம்பாயை நேரில் அறிந்தவர்களும் என்ன சொல்கிறீர்கள்?

இராகவன் (ஓய்வுபெற்ற வடிகால் பொறியாளர்)

செல்வமணி அவர்களின் கருத்தை முழுமையாக மறுக்கவில்லை. ஆனால் நிலத்தின் அமைப்பைப் பார்க்காமல் இதைப் பேசக் கூடாது. ஏழு தீவுகளுக்கு இடையில் இருந்த கழிமுகங்களைத் தூர்த்து உண்டாக்கிய நிலம்தான் பம்பாய். தூர்த்த இடங்களில் பல, கடல் ஏற்றத்தின் மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன. பெருவேற்ற நாட்களில் அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் பதினைந்து அடிக்கும் மேல் வேறுபாடு உண்டு. ஆகவே தாழ்ந்த பகுதியின் சாக்கடைநீர் கடல் வற்றியிருக்கும் சில மணி நேரத்தில் மட்டுமே தானாக இறங்கும். மற்ற நேரத்தில் மதகை மூடிவைத்துக் காத்திருக்க வேண்டும். காமாட்டிபுரா வழியாக வொர்லிப் பக்கம் போன பழைய பெருவடிகால் அப்படித்தான் இயங்கியது. மழைநீருக்கான அந்த வாய்க்கால் நாளடைவில் மலத்துக்கும் வாய்க்காலாகி, மதகு மூடிய நேரமெல்லாம் நகரின் நடுவில் தேங்கிக் கிடந்தது.

அடுத்தது சரிவு. கழிவு குழாயில் படியாமல் ஓட வேண்டுமானால் நொடிக்கு இரண்டு, இரண்டரை அடி வேகமாவது வேண்டும். சமதளத்தில் அந்த வேகத்துக்காகக் குழாயை ஆழமாக இறக்கிக்கொண்டே போனால், முடிவில் நீராவி இயந்திரம் வைத்து இறைக்க வேண்டும். லண்டனில் பொறியாளர் பேசல்கெட், 1858இல் தேம்ஸ் ஆற்றில் எழுந்த பெருநாற்றத்துக்குப் பிறகு செய்ததும் இதுவே. ஆனால் லண்டனில் மழை ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகப் பெய்கிறது. பம்பாயில் எழுபது அங்குலத்துக்கு மேற்பட்ட மழை ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. மழைநீரையும் கழிவையும் ஒரே குழாயில் விட்டால், நான்கு மாதம் அது போதாது. எட்டு மாதம் அதில் ஓட்டமே இருக்காது. இரண்டையும் பிரிக்க வேண்டுமென்றால் இரட்டைச் செலவு. கழிவைத் துறைமுகப் பக்கம் விடுவதா, மேற்குக் கடற்கரையில் விடுவதா என்ற விவாதம் வேறு ஆண்டுக்கணக்கில் நீண்டது; தென்மேற்குப் பருவக்காற்று நாற்றத்தைத் திரும்ப ஊருக்குள் கொண்டுவருமே என்ற அச்சமும் நியாயமானதுதான்.

1880களில்தான் வொர்லியில் லவ் குரோவ் என்ற இடத்தில் கழிவை இறைத்து வெளியேற்றும் உந்துநிலையம் வேலைசெய்யத் தொடங்கியது. அதற்கு முன்பு கூடையைத் தவிர வேறு வழி இல்லை. அதற்குப் பின்பும் ஏன் கூடை என்பதுதான் உண்மையான கேள்வி.

மாட்டுங்கா மீனாட்சி

நான் பிறந்து வளர்ந்தது பம்பாயில். என் பெரியம்மா குடியிருந்த கிர்காவ் வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டுச் சால் கட்டடங்கள் (பல குடும்பங்கள் ஒண்டிக் குடியிருக்கும் மாடி வீடுகள்) பல என் இளமைக் காலத்திலும் நின்றன. அவற்றின் பின்புறத்தைப் பார்த்தவர்களுக்குச் செல்வமணி ஐயா கேட்பதன் விடை பாதி விளங்கிவிடும்.

இரண்டு கட்டட வரிசைகளின் முதுகுகளுக்கு நடுவில் ஓர் ஆள் தோளை ஒருக்களித்து நடக்கும் அளவுக்கு ஒரு சந்து இருக்கும். அதன் நடுவில் கல் பாவிய ஓடை. இருபுறச் சுவரிலும், தரையையொட்டி, முழங்கால் உயரத்துக்குச் சிறு சிறு திறப்புகள். ஒவ்வொரு மாடியின் கழிப்பறையிலிருந்தும் கழிவு ஒரு செங்குத்தான கூண்டு வழியாக விழுந்து, அந்தத் திறப்புக்குப் பின்னால் வைத்த கூடையில் சேர வேண்டும். மூன்று மாடி இருந்தால் மூன்று மாடியிலிருந்தும் அதே கூண்டு வழியாகத்தான் விழும். அள்ளுபவர் அந்தச் சந்துக்குள் குனிந்து நுழைந்து, திறப்பில் கைவிட்டுக் கூடையை இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் மேலே யாராவது கழிப்பறையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை எழுதத் தேவையில்லை. கூண்டு இல்லாத வீடுகளில் பின்புறம் ஒரு சுருள் இரும்புப் படி இருந்தது. வீட்டுக்குள் கால் வைக்காமல் மேல்மாடிக் கழிப்பறைக்கு அள்ளுபவர் ஏறிவருவதற்காகவே அமைத்த படி அது. இன்று அதைப் பழமையின் அழகு என்று படம் எடுத்துப் போடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மவர் கழுவத் தண்ணீர் பயன்படுத்துபவர்கள். அந்தத் தண்ணீரும் அதே கூடையில்தான் விழுந்தது. மூங்கில் கூடை தண்ணீரைத் தாங்காது. ஒழுகியது சந்தின் ஓடைக்குப் போயிற்று, அங்கிருந்து கடைக்காலுக்குள் ஊறிற்று, மிச்சம் கூடையைச் சுமப்பவரின் மேல் வடிந்தது. விஹார் தண்ணீர் வந்தபோது குழாய் போட்டார்களே தவிர வடிகால் போடவில்லை என்பதால், வீட்டுக்கு வீடு தண்ணீர்ப் புழக்கம் பெருகப் பெருக இந்தச் சந்துகள் முன்னைவிட மோசமாயின.

கட்டடமே அள்ளுபவரை எதிர்பார்த்துக் கட்டப்பட்டது. சாக்கடை தெருவுக்கு வந்தாலும், கட்டடத்தை இடிக்காமல் கூடையை எப்படி அகற்றுவார்கள்?

வெற்றிவேல்

மீனாட்சி அம்மா எழுதியதைப் படித்து மனம் கனத்தது. ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தை வைக்கிறேன். அறிக்கை எழுதியவர், திட்டம் போட்டவர், ஏரி வெட்டியவர் எல்லோரும் ஆங்கிலேய அதிகாரிகள். எதிர்த்தவர்கள் நம் ஊர் வீட்டு உடைமையாளர்கள். அவர்களுடைய சாதி வழக்கத்துக்கு அள்ளும் ஆள் வேண்டியிருந்தது; ஆகவே கூடை நீடித்தது. இதில் குடியேற்ற ஆட்சியைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

செல்வமணி

வெற்றிவேல் அவர்களுக்கு. எதிர்ப்பு இருந்தது உண்மை. அதைப் பற்றி வேறொருவர் விரிவாக எழுதுவார் என்று நம்புகிறேன். ஆனால் கூடையை நீடிக்க வைத்ததில் ஆட்சிக்குப் பங்கில்லை என்பதை ஏற்க முடியாது.

முதலில், ஆங்கிலேயரின் பங்களாக்களைப் பாருங்கள். மலபார் குன்றில் கடற்காற்று வாங்க வீடு கட்டிக்கொண்ட துரைமார்களின் குளியலறைகளிலும் மரப்பெட்டிக் கம்மோடுதான் இருந்தது. அதன் சட்டியைப் பின்கதவு வழியாக வந்து எடுத்துச் சென்றவர் அதே சாதியைச் சேர்ந்த பணியாளர். லண்டனில் நீர்க்கழிப்பறை பரவிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே வந்தவர்கள் அது இல்லாமல் வசதியாகவே வாழ்ந்தார்கள். ஆள் மலிவாகக் கிடைத்ததால் குழாயின் தேவையை அவர்கள் தங்கள் உடம்பில் உணரவில்லை.

இரண்டாவது, வரி. தொடக்கத்தில் வீட்டுக்காரர் நேரடியாக ஹலால்கோருக்கு மாதக் கூலி கொடுத்து வந்தார். யார் எந்த வீட்டை அள்ளுவது என்பது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. கூலியில் தகராறு வந்தால் அள்ளாமல் விட்டுவிடும் வலுவும் அவர்களுக்குக் கொஞ்சம் இருந்தது. 1860களிலிருந்து நகராட்சி படிப்படியாக இந்த வேலையைத் தன் கைக்குள் கொண்டுவந்து, வீட்டுக்காரர்களிடம் ஹலால்கோர் வரி என்ற பெயரிலேயே ஒரு வரியை வாங்கியது. 1888ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்திலும் அந்த வரி அதே பெயரில் இடம்பெற்றது. ஒரு சாதித் தொழிலின் பெயர் இப்படி வரியின் பெயராகிச் சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது, தண்டனை. பொதுச் சுகாதாரப் பணியில் இருப்பவர் முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுப் போனால் சிறைக்கு அனுப்பலாம் என்ற விதி இத்தகைய நகராட்சிச் சட்டங்களில் எழுதப்பட்டது. ஓர் ஆலைத் தொழிலாளி வேலையை விட்டால் கூலி போகும். தூய்மைப் பணியாளர் விட்டால் சிறை. பழைய ஏற்பாட்டில் சாதி அவர்களைக் கட்டியிருந்தது. புதிய ஏற்பாட்டில் சாதியோடு சட்டமும் சேர்ந்து கட்டியது. வீட்டு உடைமையாளர்களால் தனியாக இதைச் செய்திருக்க முடியுமா?

வெற்றிவேல்

சிறைத்தண்டனை பற்றிய செய்தி எனக்குப் புதியது. சாதிக் கட்டு மட்டும் போதவில்லை என்று அரசே கருதியிருக்கிறது என்றால், அந்தத் தொழிலாளர்களிடம் நாம் நினைப்பதைவிட அதிக வலு இருந்திருக்க வேண்டும் என்றும் பொருளாகிறதே?

கோமதிநாயகம் (வரலாற்று ஆசிரியர்)

வெற்றிவேலின் முதல் கேள்விக்கு நான் வருகிறேன். வலுவைப் பற்றிய இரண்டாவது கேள்விக்கு 1896 வரை பொறுக்க வேண்டும்.

நகராட்சிப் பணம் யாருடையது என்பதிலிருந்து தொடங்கினால்தான் இது தெளிவாகும். 1865ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையர் கிராஃபோர்டிடம் நிர்வாகம் முழுவதையும் ஒப்படைத்தது; மேற்பார்வைக்கு அரசால் அமர்த்தப்பட்ட ஜஸ்டிஸ்கள் (ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் என்ற பட்டம் பெற்ற நகரப் பிரமுகர்கள்) இருந்தார்கள். அவர்களில் ஐரோப்பிய வணிகர்களும் இந்தியப் பெருஞ்செல்வர்களும் கலந்திருந்தார்கள். கிராஃபோர்டு கைதாராளம் உடையவர். இன்று மகாத்மா புலே பெயர் தாங்கி நிற்கும் சந்தையை 1869இல் கட்டினார். குப்பையை நகருக்கு வெளியே கொண்டுபோகக் குப்பை ரயிலே விட்டார். தாழ்ந்த சதுப்புகளை அந்தக் குப்பையால் தூர்த்தார். ஆனால் அதே 1865இல் பருத்திச் சூதாட்டம் சரிந்து, வங்கிகளும் பங்கு நிறுவனங்களும் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. வீட்டு வாடகை விழுந்தது, வரி மட்டும் ஏறியது. 1871இல் வரி செலுத்துவோரின் கிளர்ச்சி வெடித்தபோது கிராஃபோர்டு பதவி இழந்தார். அந்தக் கிளர்ச்சியின் விளைவாக வந்த 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நகரமன்றத்தில் பாதி இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. வாக்கு வரி கட்டுவோருக்கு மட்டும். இந்திய நகராட்சி மக்களாட்சியின் தொடக்கம் என்று இதைப் பாராட்டுவது வழக்கம். பாராட்டலாம், ஆனால் அந்த மன்றத்தில் வீட்டு உடைமையாளர்கள் இருந்தார்கள், சந்துக்குள் குனிபவர்கள் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதன் பிறகு வடிகால் திட்டம் மன்றத்துக்கு வந்த போதெல்லாம் செலவுக் கணக்கில் சிக்கியது. பெருஞ்சாக்கடையைக் கடன் வாங்கிப் பொதுச் செலவில் போடலாம். வீட்டிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுப்பது வீட்டுக்காரரின் செலவு; கூண்டை அடைத்து, குழாய் இறக்கி, தண்ணீர்த் தொட்டி வைத்து, தண்ணீர் வரியும் கட்ட வேண்டும். அதை ஒப்பிட்டால் ஹலால்கோர் வரி அற்பத் தொகை. சால் கட்டி வாடகைக்கு விட்டவர் அந்தச் சந்தின் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. குடியிருந்தவர்களுக்கோ கட்டடத்தில் உரிமையில்லை. எனவே ஆட்சி செய்ததா, ஊர்ச் செல்வர் செய்தார்களா என்று பிரித்துக் கேட்பதில் பயனில்லை. கூடை மலிவு என்பதில் இரு தரப்பும் ஒரே கணக்கைத்தான் போட்டன.

இராயபுரம் அந்தோணி

பம்பாய்க் கதையில் சென்னைக்கும் ஒரு நூல் ஓடுகிறது என்பதால் குறுக்கிடுகிறேன். ஹெக்டர் டல்லக் என்ற இராணுவப் பொறியாளர் 1865இல் சென்னை நகருக்கான வடிகால் திட்ட அறிக்கையை எழுதியவர். அதே டல்லக்தான் பிறகு பம்பாய் நகராட்சிப் பொறியாளராகப் போய், 1872இல் அந்நகரின் வடிகால் பற்றியும் ஒரு நூல் எழுதினார். இரண்டு ஊரும் கடலோரச் சமதளம். சென்னை இன்னும் தட்டை. கூவம் ஆற்றின் முகத்தை ஆண்டில் பெரும்பகுதி மணல் அடைத்துக்கொள்வதால், ஆற்றில் விட்டது ஆற்றிலேயே கிடக்கும்.

சென்னையில் அள்ளியவர்கள் தோட்டிகள். இங்கும் தண்ணீர்தான் முந்தி வந்தது: செங்குன்றம் ஏரி நீர் 1872இல் கீழ்ப்பாக்கம் வழியாக நகருக்குள் வந்தது, கருப்பர் நகரத்துத் தெருக்களில் திறந்த சாக்கடைகள் அதன் பிறகும் நெடுங்காலம் திறந்தே கிடந்தன. டல்லக்கின் 1865 திட்டம் அன்று அவர் விரும்பிய வடிவில் நிறைவேறவில்லை. எங்கள் பகுதியில் எடுப்புக் கக்கூஸைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்; என் தாத்தா தெருவின் பெயரைச் சொல்லுவதைவிட அந்தத் தெருவுக்கு வரும் தோட்டியின் பெயரைச் சொல்லி வழிகாட்டுவார். பம்பாயில் கூடை நீடித்ததற்குச் சால் கட்டடம்தான் காரணம் என்றால், சால் இல்லாத சென்னையில் ஏன் நீடித்தது என்பதையும் மீனாட்சி அம்மா யோசிக்க வேண்டும்.

மாட்டுங்கா மீனாட்சி

நல்ல கேள்வி, அந்தோணி ஐயா. கட்டடம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. சந்தும் கூண்டும் பம்பாயின் வடிவம். சென்னையில் புழக்கடைக் கதவு அந்த வேலையைச் செய்தது. கழிப்பறை எப்படி இருந்தாலும், அள்ளுபவர் வருவதற்கென்று தனி வழி வைத்துக் கட்டுவது இரண்டு ஊருக்கும் பொது.

சிலேத்தார் சண்முகம் (சிங்கப்பூர்)

இதே காலத்துச் சிங்கப்பூரையும் ஹாங்காங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பம்பாயின் தனித்தன்மை துலங்கும். சிங்கப்பூரில் நகராட்சியின் கூலிவேலையில், தெருக் கூட்டுவது உட்பட, தமிழர் பெருந்தொகையினராக இருந்தார்கள். ஆனால் மலம் அள்ளுவது அங்கே சீனர்களின் தனித்தொழில். சீனக் காய்கறித் தோட்டக்காரர்கள் அதை விலை கொடுத்து வாங்கினார்கள். ஹாங்காங்கிலும் அவ்வாறே, கான்டன் வட்டாரத்து வயல்களுக்கு அது படகில் போயிற்று. 1882இல் ஆஸ்பர்ட் சாட்விக் என்ற பொறியாளர் ஹாங்காங்கை ஆய்ந்து எழுதிய அறிக்கையில், வாளி முறையை விட்டுவிட்டு நீர்க்கழிப்பறைக்கு மாறும்படி சொல்லவில்லை. அங்கே தண்ணீர் பற்றாக்குறை. வாங்குவதற்கு ஆள் காத்திருக்கும் பொருளைக் கடலில் விடுவானேன் என்பது அவர் கணக்கு.

அங்கே வாளி நீடித்ததற்கு ஒரு சந்தை இருந்தது. அள்ளுவதைக் குத்தகை எடுத்தவர் பணம் பண்ணினார், கூட்டமைப்பு வைத்துக்கொண்டு நகராட்சியோடு பேரம் பேசினார். அந்த வேலை இழிவானது என்ற எண்ணம் சீனரிடமும் இருந்தது. ஆயினும் பிறப்பால் ஒருவர் தலையில் எழுதப்பட்ட வேலையாக அது இல்லை. பம்பாயில் பெரும்பகுதி கடலுக்கே போயிற்று என்றால், விற்பதற்கும் ஒன்றுமில்லை; பேரம் பேச அவர்களிடம் இருந்தது தங்கள் கைகள் மட்டும்தான். சிங்கப்பூரிலும் வாளி விரைவில் போய்விடவில்லை. கடைசி வாளி அகற்றப்பட்டது 1987இல்.

கோமதிநாயகம்

சண்முகம் சொன்ன "கைகள் மட்டும்" என்பதிலிருந்து 1896க்குப் போகலாம்.

அந்த ஆண்டு செப்டம்பரில் துறைமுகத்தையொட்டிய மாண்டவிப் பகுதியில் கொள்ளைநோய் (பிளேக்) தென்பட்டது. முதலில் அதை அடையாளம் கண்டு சொன்னவர் அக்காசியோ வீகாஸ் என்ற கோவா வம்சாவளி மருத்துவர். தானியக் கிடங்குகள் நிறைந்த, எலிகள் கொழுத்த பகுதி அது. எலித் தெள்ளுதான் நோயைப் பரப்புகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் சிமோன் கராச்சியில் கண்டுபிடித்தது 1898இல். அதற்கு முன்பு அதிகாரிகள் அழுக்கையும் மண்ணையும் சாக்கடையையும்தான் சந்தேகித்தார்கள். எனவே சாக்கடைகளிலும் சந்துகளிலும் கடல்நீரும் கார்பாலிக் அமிலக் கரைசலும் நாள்தோறும் ஊற்றப்பட்டன. சாக்கடைக்குள் வாழ்ந்த எலிகள் அதனாலேயே வீடுகளுக்குள் ஏறியிருக்கக்கூடும் என்று பிற்காலத்தவர் சொல்வதுண்டு.

அக்டோபர் 6ஆம் நாள் நகராட்சி ஆணையர் ஸ்னோ ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நோய் கண்டவரை வற்புறுத்தியேனும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல அது அதிகாரம் தந்தது. அக்டோபர் 29 அன்று ஆலைத் தொழிலாளர் ஆயிரம் பேர் அளவில் திரண்டு ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினார்கள். மறுநாளே அறிவிப்பு தளர்த்தப்பட்டது. கலவரத்துக்கு அஞ்சித்தான் தளர்த்தினார்கள் என்று பொதுவாக எழுதிவிடுகிறோம். ஸ்னோ தம் அறிக்கையில் வேறொரு அச்சத்தையும் பதிவு செய்கிறார். நகர மக்கள் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஹலால்கோர்களும் தெருக் கூட்டுபவர்களும் அவர்களோடு சேர்ந்து போய்விடுவார்கள் என்ற பேச்சு பலமாக இருந்தது. அவர்கள் போய்விட்டால் எஞ்சியவர்கள் அங்கே வாழவே முடியாது, துறைமுகமும் ஆலையும் நின்றுவிடும் என்பதை அவர் உணர்ந்தார். மருத்துவமனை விதியை விடாப்பிடியாக நடத்துவதைவிட அவர்களைத் தக்கவைப்பதே முதன்மை என்று முடிவு செய்தார்.

இப்போது வெற்றிவேலின் கேள்விக்கு வருவோம். அவர்கள் 1896இல் வேலைநிறுத்தம் செய்யவில்லை. கோரிக்கை மனு கொடுத்ததாகவும் தெரியவில்லை. போய்விடக்கூடும் என்ற நிலையே ஒரு பேரரசின் நகராட்சி ஆணையரின் கையைக் கட்டிப் போட்டது. சிறைத்தண்டனை விதி ஏன் எழுதப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. அந்த விதியை ஓடிப்போகும் ஆயிரக்கணக்கானவர்கள் மேல் நடைமுறைப்படுத்த முடியாது என்பதும் அந்த அக்டோபரில் வெளிப்பட்டது. வீகாஸுக்கும், கொள்ளைநோய்த் தடுப்பூசி கண்ட ஹாஃப்கினுக்கும் பம்பாயில் நினைவுச் சின்னம் உண்டு. பாதி நகரம் காலியான அந்த மாதங்களில் நின்று அள்ளியவர்களின் பெயர் எதுவும் நமக்குத் தெரியாது.

வெற்றிவேல்

நன்றி ஐயா. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவு அச்சுறுத்தலைக் கண்ட பிறகாவது கூடையை ஒழிக்க நகராட்சி விரைந்திருக்க வேண்டுமல்லவா? 1892இல் தான்சா ஏரி நீரும் வந்துவிட்டதே. தண்ணீர் இல்லை என்று அதற்கு மேல் சொல்லவும் முடியாது.

இராகவன்

தான்சா நீர் வந்தது பெரிய மாற்றம்தான். விஹார் 1860, துளசி 1879, தான்சா 1892 என்று மூன்று ஏரிகள் சேர்ந்த பிறகு நீர்க்கழிப்பறைக்குத் தேவையான நீர் நகருக்குக் கிடைத்தது. ஆனால் மீனாட்சி அவர்கள் சொன்ன குறுகிய சந்துகளை மனத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாடிக்கும் நீர்த்தொட்டி, இரும்புக் குழாய், நாற்றக் காற்று திரும்பி வராமல் தடுக்கும் நீர்ப்பொறி, அதிலிருந்து தெருச் சாக்கடைக்குச் சரிவோடு இணைப்பு. இத்தனையும் மூன்றடிச் சந்துக்குள் அமைய வேண்டும். புதிய கட்டடத்தில் இது எளிது. பழைய சாலில் கழிப்பறைப் பகுதியையே இடித்துக் கட்ட வேண்டும்.

கொள்ளைநோய்க்குப் பிறகு 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. நெருக்கமான குடியிருப்புகளை இடிப்பதும் அகலமான சாலைகள் வெட்டுவதும் அதன் வேலை. சாண்ட்ஹர்ஸ்ட் சாலை அப்படி வந்ததுதான். இடித்த இடத்தில் வந்த புதிய கட்டடங்கள் சாக்கடையோடு இணைக்கப்பட்டன. இடிக்கப்பட்டவற்றில் குடியிருந்த ஏழைகள் அடுத்த தெருவின் பழைய சாலுக்குள் நெருக்கிக்கொண்டு குடியேறினார்கள். அங்கே அதே கூண்டு, அதே கூடை, முன்பைவிடக் கூடுதல் ஆட்கள். ஆகவே இணைப்புப் பெற்ற வீடுகளின் எண்ணிக்கை ஏறியபோதே, மிச்சமிருந்த கூடைகளின் எடையும் ஏறியது.

உலர்மண் முறையைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மூல் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1860இல் கண்ட அந்தக் கழிப்பறை, இந்தியச் சிறைகளிலும் இராணுவக் குடியிருப்புகளிலும் பயன்பட்டது. காய்ந்த மண்ணை ஒவ்வொரு முறையும் மேலே தூவ வேண்டும். எண்ணிக்கைக்குட்பட்ட சிறைவாசிகளுக்கு அது சரி. எட்டு இலட்சம் பேருக்கு நாள்தோறும் மண் கொண்டுவரவும், நனைந்த மண்ணைத் திரும்பக் கொண்டுபோகவும் வண்டி எங்கே, நான்கு மாத மழையில் காய்ந்த மண்தான் எங்கே?

செல்வமணி

இராகவன் ஐயாவின் கடைசிப் பதிவில் என் முதல் கேள்விக்கு நேரான விடை இருக்கிறது. இதில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். லவ் குரோவில் இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு நகராட்சிக்கு இரண்டு விதமான ஆட்கள் தேவைப்பட்டார்கள்: சந்துக்குள் கூடை இழுப்பவர்களும், சாக்கடை அடைத்துக்கொண்டால் அதற்குள் இறங்குபவர்களும். குழாய் வந்ததால் குறைந்திருக்க வேண்டிய வேலை, குழாய் வந்ததால் இரண்டாகக் கிளைத்தது. இந்த இரண்டாவது வேலையைப் பற்றி, அதாவது 19ஆம் நூற்றாண்டுப் பம்பாய்ச் சாக்கடைக்குள் இறங்கியவர்களைப் பற்றி, நகராட்சி ஆண்டறிக்கைகளைப் படித்தவர்கள் தொடர்ந்து எழுதினால் நன்றாக இருக்கும்.